படிக்கட்டு எங்கே வருகிறது

தோட்டப்பாளையத்தில் பதினொரு பேர் இருக்கும் வீட்டை
அளந்து வரச் சொல்லி எங்கள் மூவரை அனுப்பினார்கள்.
மூன்று தலைமுறை, ஒரே கூரை,
இருபது மதிப்பெண்.

டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்துக்கொள்ள
எட்டு வயது தருணேஷ் வந்தான்.
இங்கே யார் படுப்பாங்க என்றால்
"மழை பெஞ்சா அப்பா. கரண்ட் போனா யாரும் இல்ல,
எல்லாரும் மேல."
படுக்கையறை என்று எதன்மேல் எழுதுவது?
ரிஸ்வானா பென்சிலைக் கடித்தாள்.

கூடம் பதினாலுக்குப் பதினொன்று.
முன்னறை வாடகைக்கு: பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த
மால்டா ஊர்க்காரர் இருவர்.
அவர்கள் மீன் பொரிக்கும் கடுகெண்ணெய் நெடி
எந்தச் சுவரிலும் நிற்காமல் பின்கட்டு வரை போனது.
புருஷனை விட்டு வந்த பவுனு அக்காவுக்கு அறை இல்லை,
தையல் மிஷினுக்கு அடியில் ஒரு பெட்டி.
கழிவறை ஒன்று. கதவில் துண்டு தொங்கினால்
அடுத்த ஆள் இடம் போட்டாயிற்று.

எட்டு நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர்,
அதனால் நடையில் ஏழு நீல டிரம்.
டிரம்களைத் தாண்டினாலும்
ஏகாம்பரத்தின் சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம்,
அவர் அறைக் கதவு இருபத்துநாலு.
மூன்று வருஷமாக மடித்தே வைத்திருக்கிறார்கள்.
அந்த இரண்டு அங்குலத்தை
நோட்டில் இரண்டு முறை எழுதினேன், எதற்கென்று தெரியாமல்.

உள்ளிருந்து தாழ் போடும் கதவுகளை எண்ணினேன்.
போன ஆவணியில் கல்யாணமாகி வந்த அம்சவேணி
முறத்தில் முள்ளுக் கத்தரிக்காயோடு நின்று பார்த்தாள்.
"ரெண்டுதான்" என்றாள்.
"பீரோவையும் சேர்த்தா மூணு."

மேலே மாடி எடுக்கப் பதினாறு வருஷமாய்க் கம்பிகள் தயார்.
தலையில் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்துக்கொண்டு
துருவேறி நிற்கின்றன.
சண்டை மாடிக்கு இல்லை, படிக்கட்டுக்கு.

"வெளியே படி வச்சா அன்னிக்கே பாகம் பிரிச்ச மாதிரி"
என்றார் பெரியவர் முனிரத்தினம்.
தம்பி ஜீவாவுக்கு வெளியேதான் வேண்டும்:
உள்ளே வந்தால் கூடத்தில் நாலடி போய்விடுமாம்.
நாலடிக்காகத்தான் என்பதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.
இரண்டு மீட்டர், இரண்டு கேஸ் என்று
மாடு விற்கிறவன்போல் யாரோ விரல்விட்டு எண்ணினார்கள்.

ஏகாம்பரத்தைக் கேட்டார்கள்.
வாயின் கோணாத பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.
உள்ளேன்னு சொல்றார் என்றார் ஒருவர்.
வெளியே என்றார் இன்னொருவர்.
தண்ணி கேக்குறார் என்றாள் மூத்த மருமகள் சகுந்தலா.
தண்ணீர்தான் கேட்டிருந்தார்.

அட்டையில் வீடு செய்தோம். படிக்கட்டை மட்டும் ஒட்டவில்லை.
கூடத்து நடுவில் வைத்ததும்
ஆளாளுக்கு எடுத்து நகர்த்தினார்கள்.
உள்ளே. வெளியே. டிரம் இருக்கும் இடத்தில்.
தருணேஷ் மொட்டைமாடிக்கு மேலே வைத்தான்,
இன்னும் போகலாமாம்.
மால்டாக்காரர் வாசலில் நின்று தலையை ஆட்டினார்,
எந்தப் பக்கத்துக்கு என்று புரியவில்லை.
அம்சவேணி டீ டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள்.
அவ்வளவுதான்.

பஸ்ஸில் பெட்டியைத் திறந்தால் படிக்கட்டு இல்லை.
இறங்கித் திரும்பிப் போகலாம் என்றான் ஜெபராஜ்.
ரிஸ்வானா என்னைப் பார்த்தாள்.
நான் காட்பாடிக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன்.

"மேல எப்படிப் போறது?" என்று குனிந்து கேட்டார் சார்.
இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க சார் என்றோம்.
இருபதுக்குப் பதினொன்று.
ஏகாம்பரத்தின் கதவு மூன்றடி ஆகியிருந்ததை
யாரும் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மேல்மாடியில் அறை ஒன்று வரைந்திருந்தோம்,
தாழ் உள்பக்கம்.
அதற்குப் போகும் வழி
ஆறு சென்டிமீட்டர் உயர அட்டை,
பீரோவில் புடவை மடிப்புக்குள் இருக்கலாம்.
பீரோவுக்கும் ஒரு தாழ் இருக்கிறது.